மாதர் நோயும் ஆடவர் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் யான் ஏதேனும் ஓர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். இவ்வாண்டும் அவ்வாறே பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கருப்பை வாயிலே தோன்றும் புற்றுநோயும், அந்நோய் முற்றுமுன்னரே அதனைக் கண்டறிதற்பொருட்டுப் பெண்டிர் தம் கையாலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையுமே அப்பொருள். "தமிழ்ப் பண்டிதனுக்கும் இதற்கும் என்ன இயைபு?" என்று சிலர் வினவலாம். "ஒரு டாக்டரை அழைத்திருக்கலாமே" என்று நம் செயலாளரிடம் ஓரன்பர் கூறியதாகவும் கேள்வியுற்றேன். டாக்டர்கள் தாய்மார்களிடம் சொல்லவேண்டியவற்றை நன்றாகவே சொல்லி வருகின்றனர். இந்நோயைப் பற்றி ஆடவரிடம் பேசுவார்தாம் இல்லை. ஆதலின், இவ்வவையின் முன்வரிசைகளிலே வீற்றிருக்கும் ஆடவர்களை நோக்கியே யான் பேச விரும்புகின்றேன். பின்னிருக்கும் தாய்மார்கள் உடன் கேட்பார்களாக.

முதற்கண், என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல நீங்கள் இசைவு தரல்வேண்டும். என் அன்னையாருக்குத் தங்கையார் ஒருவர் இருந்தார். அவர் கையாற் சோறுண்டு வளர்ந்தவன் யான். யான் புலவர் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த காலத்து அவர்க்கு வயது ஐம்பது. மாதவிலக்கு நின்று இரண்டாண்டு கழிந்தபின் அவர்க்கு மீண்டும் இரத்தம் கண்டது. அதனை அவர் ஒருவரிடத்தும் கூறிற்றிலர். விடியுமுன் எழுந்து, தம் துணிகளைத் தாமே கிணற்றடியில் அலசி உலர்த்திவிடுவார். "ஏன் இத்தனை விடியலில் எழுகின்றீர்?" என்று கேட்டவர்க்கு, "வேலை கிடக்கின்றது" என்பதே விடை. இவ்வாறு ஒன்றரை ஆண்டு சென்றது. நடக்க இயலாமற்போன பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பரிசோதித்த டாக்டர் அம்மையார் வெளியே வந்து என் சிற்றப்பாவை நோக்கி, "இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று வினவினார். "எனக்குத் தெரியாது, அம்மா" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே கூரையின்கீழ் முப்பது ஆண்டு உடன் வாழ்ந்தவருக்கு உண்மையாகவே தெரியாது. அடுத்த தைப்பொங்கலை என் சின்னம்மா காணவில்லை. "தெரியாது" என்ற அவ்வொரு சொல்லே என்னை இன்று இம்மேடையில் நிறுத்தியுள்ளது.

நிற்க. இந்நோயின் இயல்பைச் சிறிது விளக்குவேன். கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகிப் பிறப்புவழியோடு கூடும் இடத்தைக் கருப்பை வாய் என்பர். 2022 ஆம் ஆண்டில் உலகமுழுதும் ஏறக்குறைய 6,60,000 பெண்டிர்க்கு அவ்விடத்திற் புற்றுநோய் புதிதாகக் கண்டது. ஏறக்குறைய 3,50,000 பேர் மாண்டனர். அவ்வாண்டு நம் இந்தியாவில் மட்டும் புதிதாக நோயுற்றோர் ஏறத்தாழ 1,27,000 பேர் என்றும், மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர் என்றும் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு நிறுவனத்தார் மதிப்பிட்டுள்ளனர். அஃதாவது நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல். ஒரு பேருந்து கவிழ்ந்து நாற்பது பேர் இறந்தால் நாடெங்கும் அதுவே பேச்சாகின்றது. நாள்தோறும் ஐந்து பேருந்து நிறைந்த தாய்மார் மறைவது எச்செவிக்கும் எட்டுவதில்லை.

இத்துணைக் கொடிய நோய்க்குக் காரணம் யாதெனின், மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் கண்ணுக்குப் புலனாகாத நுண்கிருமியாம். இதனைச் சுருக்கமாக எச்.பி.வி. என்பர். இதில் வகைகள் பல உள. அவற்றுள் 16 ஆம் எண்ணுடைய வகையைப் புற்றுக்கட்டியிலே 1983 ஆம் ஆண்டிலும், 18 ஆம் எண்ணுடைய வகையை அதற்கு அடுத்த ஆண்டிலும் கண்டு காட்டியவர் ஜெர்மனி நாட்டு ஹரால்ட் சூர் ஹவுசன் என்னும் பேரறிஞர். அதன்பொருட்டு 2008 இல் மருத்துவத்திற்குரிய நோபல் பரிசு அவர்க்கு வழங்கப்பெற்றது. இவ்விரு வகைகளாலேயே இப்புற்றுநோயிற் பத்துக்கு ஏழு பங்கு விளைகின்றது.

ஆயினும், இந்நோயிடத்து நமக்கு ஆறுதலளிக்கும் பண்பு ஒன்று உண்டு. அது மிக மெல்ல நடப்பது. கிருமி தொற்றிய பெண்டிருட் பெரும்பாலார்க்கு, ஓரிரண்டு ஆண்டுகளில் உடம்பின் காப்பாற்றலே அதனை நீக்கிவிடும். சிலரிடத்து மட்டும் அது நீங்காது தங்கி, உயிரணுக்களைச் சிறிது சிறிதாக மாற்றும். அம்மாற்றம் புற்றாக முற்றுதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டு வரை செல்லும். அவ்விடைக்காலத்திற் கண்டுகொண்டால், சிறு சிகிச்சையொன்றால் அப்பகுதியைச் சுட்டோ குளிரூட்டியோ அகற்றிவிடலாம். கருப்பையை எடுக்கவேண்டுவதும் பெரும்பாலும் இல்லை. வாயிலிலே இத்தனை ஆண்டு காத்து நிற்கும் பகைவனை ஒருமுறையேனும் கதவு திறந்து பாராதிருப்பது எவ்வளவு பேதைமை!

கதவு திறந்து பார்க்கும் முறைகள் மூன்று உள. முதலாவது, கருப்பை வாயினின்று உயிரணுக்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியிற் பார்ப்பது. கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவு என்பார் இதனை 1928 இல் அறிவித்தார். அப்பொழுது உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1941 இல் அவரும் ஹெர்பர்ட் ட்ராவுட் என்பாரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே மருத்துவ உலகம் செவிசாய்த்தது. அவர்தம் ஆராய்ச்சிக்குப் பல்லாண்டுகள் தம் உடம்பினின்று மாதிரி கொடுத்து உதவியவர் அவருடைய மனைவியார் ஆண்ட்ரோமாக்கி அம்மையாரே என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, நீர் கலந்த அசெட்டிக் அமிலத்தை, அஃதாவது காடியின் சத்தை, கருப்பை வாயிலே தடவிப் பார்ப்பது. மாறுபட்ட பகுதி வெண்மையாகத் தோன்றும். இதன் பயனை உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டிய இடங்களுள் நம் திண்டுக்கல் மாவட்டமும் ஒன்று. 2000 முதல் 2003 வரை அம்மாவட்டத்து ஊராட்சிகளில், 30 முதல் 59 வரை வயதுடைய 49,311 பெண்டிரைப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதனைக்கு அழைத்தனர். அவ்வாறு அழைக்கப்பெற்ற ஊராட்சிகளில் இந்நோயால் விளையும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007 இல் லான்செட் என்னும் மருத்துவ இதழ் வெளியிட்டது.

மூன்றாவது, எச்.பி.வி. கிருமி உளதோ இலதோ என்று நேரே அறியும் சோதனை. இதற்கும் நம் நாடே சான்று. மகாராஷ்டிர மாநிலத்தில் அக்காலத்து உஸ்மானாபாத் என்றும் இன்று தாராசிவ் என்றும் வழங்கும் மாவட்டத்தில், 1999 இல் தொடங்கி ஏறத்தாழ 1,31,000 பெண்டிரைக் கொண்டு, சங்கரநாராயணன் என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் இம்மூன்று முறைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வாழ்நாளில் ஒரே ஒருமுறை எச்.பி.வி. சோதனைக்கு அழைக்கப்பெற்ற கூட்டத்தாரிடை, சோதனைக்கு அழைக்கப்பெறாத கூட்டத்தாரை நோக்க, இந்நோயால் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மற்றை இரு முறைகளில் அத்துணைப் பயன் அங்குக் காணப்படவில்லை. 2009 இல் வெளிவந்த இம்முடிவு உலகத்தாரை நம் நாட்டுச் சிற்றூர்களை நோக்கச் செய்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தார், 30 வயது நிரம்பிய பெண்டிர் அனைவரும் ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனை செய்துகொள்ளல் நன்று என்று பரிந்துரைக்கின்றனர்.

அன்பர்களே! மருந்தும் உண்டு, முறையும் உண்டு, சான்றும் நம் மண்ணிலேயே உண்டு. அங்ஙனமாயின், நாளொன்றுக்கு 200 பேர் ஏன் மாளவேண்டும்? விடை எளிது. நம் பெண்டிர் சோதனைக்கு வருவதில்லை. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வரை வயதுடைய இந்தியப் பெண்டிருள், ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. தமிழ்நாடு சிறிது மேம்பட்டது. எனினும் நூற்றுக்குப் பதின்மர் நிறையவில்லை. திண்டுக்கல்லிலே வீடு தேடிச் சென்று அழைத்தும், 49,311 பேருள் வந்தவர் 31,343 பேரே. வாராதொழிந்தவர் ஏறக்குறைய 18,000 பேர்.

வாராமைக்குக் காரணங்கள் பலவாகலாம். அவற்றுள் தலையாயது நாணம். மேசைமீது படுத்து, ஆடை களைந்து, அயலார் ஒருவர் கருவி கொண்டு விரித்துப் பார்க்கத் தம் உடம்பைக் காட்டுதற்கு நம் குடும்பப் பெண்டிர் மனம் இசைவதில்லை. பார்ப்பவரும் பெண்ணே என்றாலும் அக்கூச்சம் முற்றும் அகல்வதில்லை.

ஈண்டு யான் கற்ற நூல் எனக்கு உதவுகின்றது. திருவள்ளுவர் நாணுடைமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நாணத்தை இரண்டாகப் பகுக்கின்றார். தகாத செயலுக்கு அஞ்சிப் பின்வாங்குவது ஒன்று. மகளிர்க்கு இயல்பாகிய நாணம் மற்றொன்று. முன்னையதே நன்மக்கட்குரிய உயர்ந்த நாணம் என்பது அவர் கருத்து. நோயுற்றமைக்கு நாணுதல் இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? நோய் தகாத செயல் அன்று, ஆதலின் முன்னையதன்று. மகளிர் நாணமோ அழகென்று போற்றப்படுவது, உயிரைக் கொள்ளுவது அழகாகாது, ஆதலின் பின்னையதுமன்று. அஃது அச்சமே, நாம் அதற்கு நாணம் என்று பெயரிட்டுப் போற்றிவிட்டோம்.

ஆயினும், "நாணத்தை விடுக" என்று மேடையேறிச் சொல்லுதல் எனக்கு எளிது. மேசைமேற் படுக்கவேண்டியவன் யான் அல்லேன். அறிஞர்கள் நம்மினும் பரிவுடையவர்கள். அவர்கள் பெண்டிரை மாறச் சொல்லாது, தம் முறையையே மாற்றிக்கொண்டனர். அங்ஙனம் பிறந்ததே யான் தொடக்கத்திற் குறித்த தன்மாதிரி முறை.

அம்முறை வருமாறு: ஒரு பெண்மணிக்கு மெல்லிய பஞ்சுக்குச்சியோ சிறு தூரிகையோ அடங்கிய ஒரு பொதி கொடுக்கப்படும். அவர் தம் வீட்டிலோ மருத்துவமனையில் தாழிட்ட தனியறையிலோ, கைகளைக் கழுவிக்கொண்டு, தமக்கு வசதியான நிலையில் நின்றோ குந்தியோ, அக்குச்சியைப் பிறப்புவழியுள் ஏறக்குறைய இரண்டு அங்குலம் செலுத்தி, மெல்லச் சிலமுறை சுழற்றி எடுத்து, உரிய குழாயில் இட்டு மூடிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை. வலியில்லை; பிறர் கண்ணில்லை; பிறர் கையில்லை. கருப்பை வாய் வரை குச்சி செல்லவேண்டுவதுமில்லை. என்னை? ஆற்றின் மேற்கரையில் உதிர்ந்த பூ கீழ்த்துறையிலும் மிதந்து வருமாறு போல, கருப்பை வாயினின்று உதிரும் உயிரணுக்களும் கிருமிகளும் பிறப்புவழியில் வந்து தங்குகின்றன. இச்சோதனை தேடுவது உயிரணுவின் வடிவத்தையன்று, கிருமியின் மரபுப்பொருளை, அதனைப் பி.சி.ஆர். என்னும் முறையாற் பன்மடங்கு பெருக்கிக் காணலாம். கொரோனாக் காலத்தில் மூக்கிற் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இஃதும் அத்தன்மையதே.

"டாக்டர் எடுக்கும் மாதிரியும் கல்லாத பெண்ணொருத்தி எடுக்கும் மாதிரியும் ஒன்றாகுமோ?" என்று ஐயுறுவார்க்கு விடை உண்டு. பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, பி.சி.ஆர். வழிச் சோதனையில், நோயின் முன்னிலையைக் கண்டுபிடிப்பதில் இருவகை மாதிரியும் ஏறக்குறைய ஒரே தரத்தன என்று காட்டிற்று. ஆஸ்திரேலிய நாட்டிலே, 2022 ஜூலை முதல், சோதனைக்குரிய பெண்டிர் எவரும் தாமே மாதிரி எடுக்கலாம் அல்லது மருத்துவரைக் கொண்டு எடுக்கலாம். அஃது அவர் விருப்பம்.

நமக்கு நெருங்கிய சான்று மலேசியாவில் உளது. நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் அந்நாட்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஊ யின் லிங் என்னும் பேராசிரியை அம்மையார், ஆஸ்திரேலிய நிறுவனமொன்றன் துணையுடன் 2018 இல் 'ரோஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். சோதனைக்குள்ள தடைகளை நீக்குதல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். பெண்டிர் அரசு சுகாதார நிலையத்திற்கு வந்து, பெயர் பதிந்து, தாமே மாதிரி எடுத்துக் கொடுத்துச் செல்கின்றனர். முடிவு அவர்தம் கைபேசிக்கு வருகின்றது. கிருமி காணப்பட்டவரை மேற்சிகிச்சைக்குக் கொண்டு சேர்ப்பதும் அத்திட்டத்தின் பொறுப்பேயாம்.

இம்முறையின் எல்லைகளையும் மறையாது சொல்லல்வேண்டும். இரத்தப்போக்கு, கூடலின்பின் இரத்தம் காணுதல், மாதவிலக்கு நின்றபின் மீண்டும் காணுதல், நாற்றமுடைய வெள்ளை, அடிவயிற்று நோவு ஆகியவை உடையார் குச்சியை நம்பிக் காத்திருத்தல் கூடாது. உடனே டாக்டரைக் காணல்வேண்டும். கருவுற்றிருப்போர் டாக்டரைக் கேட்டே செய்தல்வேண்டும். கிருமி இல்லை என்று வந்தாலும், உரிய ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தல்வேண்டும். கிருமி உண்டு என்று வந்தால் அது புற்றுநோய் உண்டு என்பதன்று. அவருட் பெரும்பாலார்க்குப் புற்றுநோய் இராது. ஆனால் டாக்டர் நேரிற் பார்த்து முடிவு செய்தல் இன்றியமையாதது. ஆகவே, தன்மாதிரி என்பது முதற் படியே. அப்படியில் ஏறிய பெண்மணி இரண்டாம் படியில் ஏறாது நின்றுவிட்டால், ஏறியதனாற் பயனில்லை.

ஆடவர்களே! இனி உங்களிடம் வருகின்றேன். முதற் படியில் ஏறுதற்கு இருந்த தடை நாணம். அதனை அறிஞர்கள் ஒரு பஞ்சுக்குச்சியால் நீக்கிவிட்டனர். இரண்டாம் படியில் இருக்கும் தடை யார்? நாமே.

மலேசியாவில் முடிவு பெண்ணின் கைபேசிக்கு வருகின்றது என்றேன். நம் வீடுகளிற் பலவற்றில் அக்கைபேசி யாருடையது? கணவருடையது, அன்றேல் மகனுடையது. "கிருமி உண்டு" என்ற செய்தியை முதலிற் படிப்பவர் அவர். இக்கிருமி உடலுறவால் தொற்றுவது என்றும் அவர் எங்கேனும் கேள்வியுற்றிருப்பார். அடுத்த கணம் அவ்வீட்டில் எழும் வினா, "எந்த டாக்டரிடம் போகலாம்?" என்பதாக இராது, "இஃது எங்கிருந்து வந்தது?" என்பதாகவே இருக்கும். அவ்வினாவுக்கு அஞ்சியே பெண்டிர் சோதனையை ஒதுக்குவர். செய்துகொண்டாலும் முடிவை ஒளிப்பர்.

ஆதலின், இவ்வொன்றை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். மணவாழ்க்கையில் ஈடுபட்ட ஆணும் பெண்ணும் பெரும்பாலும் அனைவருமே தம் வாழ்நாளில் என்றேனும் ஒருமுறை இக்கிருமியைப் பெறுகின்றனர். ஆடவரிடத்து அது பெரும்பாலும் எவ்வடையாளமும் காட்டாது இருந்து, அவர் அறியாமலே மனைவியைச் சேரும். பல்லாண்டு ஒடுங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படுதலும் உண்டு. என்று வந்தது, எவரால் வந்தது என்று உலகத்து எந்தச் சோதனையாலும் சொல்ல இயலாது. எனவே, இம்முடிவு ஒருவர் ஒழுக்கத்திற்குச் சான்றாகாது. ஐயுற்று நீட்டும் விரல் தன்னையே சுட்டினும் சுட்டும். மனைவிக்குச் சளி பிடித்தால் எங்கிருந்து பிடித்தது என்று நாம் விசாரணை வைப்பதில்லை. கஷாயம் வைக்கச் சொல்கின்றோம். இங்கும் அவ்வளவே வேண்டுவது.

வேறு தடைகளும் நம் கையிலேயே உள்ளன. மேற்சோதனைக்கு இரண்டு மூன்று முறை நகரத்திற்குச் செல்லல்வேண்டும். பேருந்துக்குப் பணம் வேண்டும். ஒருநாட் கூலி போகும். அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டும். பிள்ளையைப் பள்ளியினின்று அழைத்துவர ஆள் வேண்டும். "அறுவடை முடியட்டும்", "மகள் கலியாணம் முடியட்டும்" என்று நாள் தள்ளுவது பெண்டிர் இயல்பு. "இல்லை, நாளையே போவோம், யான் உடன் வருவேன்" என்று சொல்லவேண்டியது நம் கடமை.

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவம் நான்கு பகுதியுடையது என்று வள்ளுவர் வகுத்தார். நோயுற்றவர் ஒருவர், அதனைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து பணிவிடை புரிபவர் ஒருவர். நாலாமவரைச் சேர்த்து எண்ணிய அப்பெருமானின் நுண்ணறிவை எண்ணி வியக்கின்றேன். மருத்துவர் எத்துணை வல்லவராயினும், மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், நாலாமவர் இல்லையேல் மருத்துவம் முற்றுப்பெறாது. என் சின்னம்மாவுக்கு இல்லாதிருந்தவர் அந்த நாலாமவரே. சிற்றப்பா கொடியவர் அல்லர். மனைவிமேல் அன்பில்லாதவரும் அல்லர். அவர் கேட்கவில்லை, கேட்பது ஆடவர்க்கு அழகன்று என்று எண்ணி வளர்ந்தவர். நம்முட் பலரும் அவ்வாறே வளர்ந்தோம்.

துயரம் எதுவாக மாறலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துன்பத்தை மறவாது, பல்லாண்டு உழைத்து, 1954 இல் சென்னை அடையாற்றிலே புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அத்துணைப் பெரியது நம்மால் இயலாது. இயன்ற மூன்றனை இச்சங்கத்தின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, வரும் ஆண்டில் நம் சங்கத்துக் கலியாண மண்டப வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கி, தக்க மருத்துவமனையொன்றன் வாயிலாக, முப்பது வயது கடந்த தாய்மார்களுக்குத் தன்மாதிரிச் சோதனைக்கு வழிசெய்தல். அஃது அமையுந்துணையும் காத்திராது, அரசு சுகாதார நிலையங்களிற் கட்டணமின்றிச் செய்யப்படும் அசெட்டிக் அமிலச் சோதனைக்கு அவர்கள் செல்லத் துணைபுரிதல். கிருமிக்குக் குலமில்லை; ஆதலின் நம் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்டிர்க்கும், நம் தெருக்களில் வாழும் பிற குலத்துப் பெண்டிர்க்கும் அவ்வுதவி உரியதாகுக.

இரண்டாவது, சோதனை முடிவு அப்பெண்மணி ஒருவர்க்கே தெரிவிக்கப்படல்வேண்டும். நம் மாதர் பகுதியார் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கட்டும். பெயர் எவர் செவிக்கும், சங்கத் தலைவர் செவிக்குங்கூட, எட்டுதல் ஆகாது.

மூன்றாவது, மேற்சிகிச்சைக்குச் செல்வோர்க்குப் போக்குவரவுச் செலவு தரச் சிறு நிதியொன்று. அதற்கு என் ஒரு மாதச் சம்பளத்தை இன்றே தர இசைகின்றேன்.

பெண்மக்களைப் பெற்றோர்க்கு ஒரு சொல். 9 முதல் 14 வயதுக்குள் இக்கிருமிக்கு எதிரான தடுப்பூசி இடுவித்தால், பிற்காலத்தில் இந்நோய் பெரும்பாலும் அணுகாது. நம் நாட்டிலேயே செய்யப்படும் தடுப்பூசி 2023 முதற் கிடைக்கின்றது. நகையும் சீரும் சேர்க்கத் தொடங்கும் வயதில் இதனையும் சீர்வரிசையில் ஒன்றாகக் கொள்ளுங்கள். தடுப்பூசி இட்டவரும் முப்பது வயதுக்குமேற் சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

அன்பர்களே! நம் குலத்தின் பெருமையை இம்மேடையிற் பலர் பேசினர். எத்தனை பட்டதாரிகள், எத்தனை அதிகாரிகள், எத்தனை கோயிற் றிருப்பணிகள் என்று எண்ணிச் சொன்னார்கள், மகிழ்ந்தேன். நம் வீடுகளில் விடியுமுன் எழுந்து தனியே துணி அலசும் தாய்மார் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை. இன்றிரவு வீடு சென்றதும், உங்கள் மனைவியாரிடம், தமக்கையாரிடம், அன்னையாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் நாள் விடை வாராது. "உங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சிரிப்பார்கள் அல்லது சினப்பார்கள். மறுநாளும் கேளுங்கள். என்றேனும் ஒரு டாக்டர் அம்மையார் உங்களை நோக்கி வினவ நேர்ந்தால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் நிலை உங்களில் ஒருவருக்கும் வாராதிருப்பதாக.